ஒரே வழி, இரண்டு நியாயம்

மகளின் பிரசவத்துக்கென்றோ பேரனைப் பார்த்துக்கொள்ளவென்றோ இலண்டனுக்கு விமானமேறும் பெற்றோர் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இன்று பலர். ஊருக்குப் போகும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றுவிட்டால், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பொறுமை காத்த தலைமுறை அது. அப்பொறுமையையே அவர்கள் விமான நிலையத்துக்கும் எடுத்துச் செல்கின்றனர். அங்கே அது பாதி வழிக்கு மட்டுமே தேவை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் தமக்கையும் அத்தானும் போனதும் வந்ததும் ஒரே கம்பெனியின் விமானங்களில். நம் நாட்டுக் கம்பெனிதான், பெயர் வேண்டாம். போகையில் தில்லியில் ஏழு மணி நேரத் தாமதம். வருகையில் இலண்டனில் ஐந்து மணி நேரம். இரண்டு முறையும் இயந்திரக் கோளாறு என்றே அறிவித்தார்கள். முன்னதற்குக் கிடைத்தது ஓர் உணவுச் சீட்டு. பின்னதற்கோ, நான் எழுதிக்கொடுத்த மூன்று கடிதங்களுக்குப் பின், ஆளுக்கு 520 பவுண்டு! தவறுதலாக வந்த பணமோ, திருப்பிக் கேட்பார்களோ என்று அத்தான் பல நாள் அதைத் தொடவேயில்லை.

தவறு ஏதுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றி, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த 261ஆம் எண் விதி, அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்நாட்டாருடையது என்று பார்ப்பதில்லை. அங்கே செல்லும் விமானமாயின், ஐரோப்பியக் கம்பெனிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். 2020இல் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனும் இவ்விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 520 பவுண்டு. இலண்டனுக்கும் தில்லிக்கும் இடையே ஏறக்குறைய 6,700 கிலோமீட்டர். தாமதத்துக்கும் இழப்பீடு உண்டென்று தெளிவாக்கியது 2009இல் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு. போய்ச் சேர்வதென்பது சக்கரம் தரையைத் தொடுவதன்று, கதவு திறப்பதே என்றது 2014இல் இன்னொரு தீர்ப்பு. பனிமூட்டம், புயல் போன்றவற்றுக்கு விலக்குண்டு. சாதாரண இயந்திரக் கோளாறுக்கு இல்லை. கம்பெனியின் முதல் பதில் 'அசாதாரணச் சூழ்நிலை' என்றே வந்தது. கோப்புகளோடு இருபதாண்டு பழகியவனுக்கு இத்தகைய பதிலின் இலட்சணம் தெரியாதா? என்ன சூழ்நிலை என்று தேதியைக் குறிப்பிட்டுக் கேட்டேன்.

நம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் 2010இல் விதி வகுத்தது. டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் பணமுண்டு. உரிய முன்னறிவிப்பின்றி ரத்து செய்தாலும் உண்டு. தாமதத்துக்கோ, நெடும்பயணமாயின் நான்கு மணி நேரத்துக்குப் பின் உணவு. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல். இரவில் கிளம்ப வேண்டிய விமானமாயின் தங்குமிடமும் உண்டு. அக்கா ஏறியது பகல் விமானம். ரொக்கம் கிடையாது. மகளுக்கு வலி எடுத்துவிட்டதென்று செய்தி வந்தபின், கட்டணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தாய் யார்? அக்கா ஹீத்ரோவில் இறங்கியபோது பேத்தி பிறந்து மூன்று மணி நேரமாகியிருந்தது.

இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம்தான். ஆனால் நஷ்டத்தை நாம் மெய்ப்பிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்கு எந்த ரசீதைக் காட்டுவது? இலண்டன் விதி ரசீது கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் தாமதம் என்று மட்டுமே கேட்கிறது. அத்தகைய நிலைத்த தொகையொன்றை நம் விதியிலும் தாமதத்துக்கெனச் சேர்ப்பது இயலாத காரியமன்று. ரத்துக்கு அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

அதுவரை, திரும்பும் பயணத்தின் போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஆறாண்டு வரை இத்தொகையைக் கோர இயலும். கதவு திறந்த நேரத்தை அச்சீட்டின் பின்புறத்திலேயே குறித்து வைப்பது நல்லது. அத்தான் இப்போது நேரம் தவறாமல் வந்த விமானத்துக்கும் குறித்து வைக்கிறார்.