பகலில் பறக்கும் விட்டில்

தமிழில் அந்துப்பூச்சிக்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. ‘அந்து’ என்றால் குதிரில் கிடக்கும் நெல்லைத் துளைப்பது. ‘விட்டில்’ என்றால் விளக்கில் விழுந்து சாவது. சில வட்டாரங்களில் வெட்டுக்கிளியும் விட்டிலே. வடமொழிவழி வந்த ‘பதங்கம்’ வேரளவில் பறப்பதை மட்டுமே குறித்தாலும், தமிழுக்கு வந்தபின் அதுவும் சுடரைத்தான் சுற்றுகிறது. வெயிலில், பூவின்மேல், செம்புள்ளிகளுடன் அமர்ந்திருக்கும் ஓர் அந்துப்பூச்சியைச் சுட்ட இவற்றுள் எதுவும் முன்வருவதில்லை. எனவே தாராவியின் தமிழ்ப் பிள்ளை அதைப் ‘பட்டாம்பூச்சி’ என்கிறது. அடுத்த வீட்டு மராத்திப் பிள்ளை ‘ஃபுல்பாக்ரூ’ என்கிறது. பிழைதான், ஆனால் பிள்ளைகளின் பிழையன்று, சொற்களின் பற்றாக்குறை.

இப்பற்றாக்குறையைக் கண்ணால் காண, மாகிமில் மேற்கு இரயில் ஏறி மலாடில் இறங்கி அக்சா செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். மும்பையில் மணல்மேட்டின் இயல்பு சற்றேனும் எஞ்சியிருப்பது அக்சா, மனோரி, கோராய் போன்ற வடமேற்குக் கரைகளில்தான். இத்தகைய கரைகளில் கடலை ஒட்டி அடும்பு படரும். நெய்தல் திணையைப் பயின்றோர்க்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சற்று உள்ளே தள்ளி, மஞ்சள் பூக்களோடு நிற்பது கிலுகிலுப்பை. முற்றிய காயை அசைத்தால் உள்ளே விதைகள் ஒலிக்கும். குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கும் செடிக்கும் தமிழில் ஒரே பெயர். மராத்தியில் ‘குள்குளா’, அங்கும் அவ்வாறே. ‘குரோட்டலேரியா’ என்னும் அறிவியற் பெயரும் ஒலியெழுப்பும் தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. மூன்று மொழிகளும் தனித்தனியே அதே காயைக் குலுக்கிப் பார்த்திருக்கின்றன. செடிக்கு இவ்வளவு செவிகொடுத்த மொழிகள், அச்செடியிலேயே வாழும் பூச்சியைக் கண்டுகொள்ளாதது வியப்புதான்.

அப்பூச்சி யூட்டிதைசா. பால்வெள்ளை முன்சிறகில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். அதன் புழு கிலுகிலுப்பையின் காயைத் துளைத்து விதையை உண்கிறது. செடியின் நஞ்சைத் தன்னுடலில் சேமிக்கிறது. பகலில் அது அஞ்சாமல் பறப்பதற்கும் அதன் வண்ணத்துக்கும் காரணம் இந்நஞ்சே: ‘என்னைத் தின்னாதே’ என்னும் அறிவிப்பு அது. இதன் அமெரிக்க உறவினத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் விரிவாக ஆராய்ந்தார். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தி கொல்லாமல், இழைகளை அறுத்து விடுவித்துவிடுவதை அவர் பதிவு செய்தார். ஆண் பூச்சி புணர்ச்சியின்போது நஞ்சின் ஒரு பகுதியைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளுக்குச் சேர்க்கிறது. சீதனமாக நஞ்சு!

இதைப் படமெடுப்பது எளிதன்று. ஆனால் பெரிய கருவி தேவை என்பதும் மிகை. விடியலில் சிறகு ஈரமாக இருக்கையில் பூச்சி மந்தமாக இருக்கும். மணல் சுடத் தொடங்குமுன் வேலை முடிய வேண்டும். நிழல் அதன்மேல் விழுந்தால் எழுந்து நாலடி தள்ளி இலையின் அடியில் ஒளிந்துகொள்ளும். துரத்துவதைவிட அங்கேயே மணலில் குந்தியிருப்பது மேல். சிறகின் வண்ணத்தில் மயங்கி உணர்கொம்பைத் தவறவிடுவோரே மிகுதி. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்திருக்கும். அந்துப்பூச்சியினது பெரும்பாலும் நூலாகவோ இறகாகவோ இருக்கும். படத்தில் அந்நுனி தெளிவாக இல்லையெனில் வண்ணம் மட்டும் பயன்படாது. இன்னொன்று: குண்டூசி குத்திய பழைய மாதிரிகளில் பூச்சி மட்டுமே இருக்கும், நல்ல படத்தில் அது அமர்ந்த செடியும் இருக்கும்.

ஆயினும் வரையறை முழுமையானதன்று. பரிணாம மரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் அந்துப்பூச்சிகளின் உள்ளிருந்து கிளைத்த ஒரு கிளையே. உலகில் பெயரிடப்பட்ட ஏறத்தாழ 18,000 வண்ணத்துப்பூச்சி இனங்களை ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள ஏறத்தாழ 1,60,000 இனங்களுக்கு நாம் இட்ட பெயரே அந்துப்பூச்சி. தமிழ் இலக்கண மாணவர்க்கு இது பழகிய அமைப்பு: அல் + திணை = அஃறிணை. உயர்திணையை வகுத்தபின் எஞ்சியதெல்லாம் அதில் அடங்கும். மகாராஷ்டிரம் 2015-இலும் தமிழ்நாடு 2019-இலும் மாநில வண்ணத்துப்பூச்சியை அறிவித்தன, உயர்திணைக்குரிய மரியாதை.

எதிர்மறையால் பெயர் பெற்றவை நிலத்திலும் உண்டு. பயிரல்லாதது களை, கட்டடமில்லாதது காலிமனை. தாராவிப் பேருந்துப் பணிமனைக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாய்க் கிடந்த 37 ஏக்கர், மரங்கள் நடப்பட்டு 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேட்டுக்கும் பெயர் மாறலாம் என்பதற்குச் சான்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுமுன் இட்லிப்பூச் செடிகளில் கண்ணாடிச் சிறகுடன் அந்தரத்தில் நின்று தேனருந்தும் பருந்து அந்துப்பூச்சியைத் தேனீ என்றே பலர் கடந்துபோகின்றனர். மணல்மேட்டின் நிலைதான் இக்கட்டானது. 2011, 2019 ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்துள்ளன; அக்சாவில் கட்டப்பட்ட கடற்சுவரோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. தாளில் மணல்மேட்டுக்குப் பெயர் உண்டு. கிலுகிலுப்பைக்கு அங்கும் இடமில்லை.

மழை ஓய்ந்து சில வாரங்களில் ‘துப்புரவு’ தொடங்கும். புதர்கள் வெட்டி எரிக்கப்படும். கிலுகிலுப்பையின் காய்கள் முற்றுவதும் அப்பருவத்தில்தான். அப்போது குலுக்கினால் ஒலிக்காத காயும் சில உண்டு. அவற்றின் உள்ளே புழு இருக்கலாம்.