துடிப்புகளுக்கு இடையே

காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் வீரர் நிற்கும் கோட்டிற்கும் இலக்கிற்கும் இடையே 10 மீட்டர் தொலைவு. இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது, கடுகினும் சிறியது. தோளும் கன்னமும் துப்பாக்கியோடு ஒட்டியிருப்பதால் இதயத்தின் துடிப்பு குழல்முனைவரை சென்று அதிரும். ஆகவே, தேர்ந்த வீரர் பலர் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் விசையை அழுத்தப் பழகுகின்றனர். அச்சம் முதலில் கவர்ந்துகொள்வது அந்த இடைவெளியைத்தான்.

போட்டி நெருங்கும்போது அட்ரினல் சுரப்பி விழித்துக்கொள்கிறது. துடிப்பு விரைகிறது, குருதி வயிற்றை விட்டுப் பெருந்தசைகளை நோக்கிப் பாய்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல்நுனி மெல்ல நடுங்குகிறது. புலியைக் கண்டு ஓடவேண்டியவனுக்கு இவையெல்லாம் வரம். பளுதூக்குபவருக்கும் ஓரளவு உதவும். அசையாது நிற்கவேண்டியவருக்கோ இதுவே பகை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் ரசல் முக்கிய ஆட்டங்களுக்கு முன் வாந்தி எடுப்பது வழக்கம். அவ்வோசை கேட்டால்தான் சக வீரர்களுக்கு நிம்மதி பிறக்குமாம்! துப்பாக்கி வீரருக்கு அத்தகைய ஆறுதல் கிடையாது.

மனத்தின் வேலை இதனினும் நுட்பமானது. பல்லாயிரம் முறை பழகிய கை தானே அறிந்து செய்வதை, பதற்றமுற்ற மனம் இடைபுகுந்து மேற்பார்வையிடத் தொடங்குகிறது. மாடிப்படி இறங்குபவர் தம் கால்களையே எண்ணிப் பார்த்தால் தடுமாறுவது போன்றது அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் கிம் ஜோங் சு, துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் மருந்தை உட்கொண்டது தெரியவந்து, வென்ற 2 பதக்கங்களையும் இழந்தார்.

அதே ஒலிம்பிக்கில்தான் அபினவ் பிந்த்ராவும் களம் கண்டார். 2004 ஏதென்சில் தகுதிச்சுற்றில் 3ஆம் இடம் பெற்றும் இறுதியில் 7ஆம் இடத்திற்குச் சரிந்தவர் அவர். அச்சத்தோடு பழகுவதற்காகவே பெய்ஜிங்கிற்கு முன் ஜெர்மனியில் ஏறத்தாழ 40 அடி உயரக் கம்பம் ஒன்றில் ஏறினார். நடுவழியில் இறங்கிவிடத் தோன்றியும் ஏறி முடித்தார்.

ஆகஸ்ட் 11. இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுட்ட குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகியது. குறிநோக்கியின் அமைப்பு மாறியிருந்தது! எஞ்சிய சில மணித்துளிகளில் அதைத் திருகித் திருத்தினார். துடிப்பு அப்போது அடங்கியிருக்கும் என்று யார் நம்புவர்? எனினும், முதல் குண்டு 10.7 புள்ளி பெற்றது. எட்டாவது குண்டில் 10.0, ஒன்பதாவதில் 10.2 எனக் கை சற்றே தளர்ந்தது. ஒரே ஒரு குண்டு எஞ்சியிருக்கையில் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் 689.7 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றனர்.

ஹாக்கினன் சுட்டது 9.7. பிந்த்ரா சுட்டது 10.8.