படத்தில் இல்லாத வரப்பு

அப்பா இறந்து ஏழு மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், அவருடைய நிலத்தை முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். நிலம் ராசிபுரத்துக்கு அருகில் இருக்கிறது. நான் சென்னையில், வாடகை வீட்டின் மூன்றாவது மாடியில், மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நிலப் பதிவேடுகளுக்கான அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என ஒவ்வொன்றாகத் தேர்ந்து, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் இட்டு, கைபேசிக்கு வந்த கடவு எண்ணைத் தட்டினேன். ஒரு வெள்ளைத் தாளில் சில கோடுகளாக எங்கள் காடு திரையில் வந்து நின்றது.

காடு என்றால் மரமடர்ந்த வனம் இல்லை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். சோளமும் நிலக்கடலையும் விளைந்த காடு. அப்பாவின் பெயரில் இருந்த பட்டாவில் அதன் பரப்பு 0 - 45.50 என்றிருந்தது. ஹெக்டேரும் ஏரும். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு அது ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.

புலப்படம் என்று அழைக்கப்படும் அந்த வரைபடத்தை அதற்குமுன் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். தாத்தா காலத்தில் ஊர்க்கணக்கு முழுவதும் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. தன் நிலத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டும். அவர் சொல்வதுதான் அளவு. 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியம் போன்ற பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்கு திண்ணையிலிருந்து அலுவலகத்துக்குப் போனது. இப்போது அலுவலகத்திலிருந்து திரைக்கு வந்திருக்கிறது. யாரும் யாருக்கு முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதைச் சிறிய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

படத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று இரவுகள் ஆயின. நிலத்தின் குறுக்கே ஓடும் நீண்ட கோடுகள் வரப்புகள் என்றே முதலில் எண்ணினேன். அவை அளவைக் கோடுகள். ஒரு முனைக்கல்லிலிருந்து எதிர்முனைக்கு மூலைவிட்டமாக ஒரு கோட்டை இழுத்து, அதிலிருந்து பக்கவாட்டில் செங்குத்தாக ஒவ்வொரு வளைவுக்கும் எத்தனை தூரம் என்று அளந்து குறித்திருக்கிறார்கள். கல் காணாமல் போனாலும் இந்த எண்களைக் கொண்டு அது இருந்த இடத்தை மீண்டும் கண்டுபிடித்துவிடலாம். முதலில் இவ்வகைப் படங்கள் சங்கிலியால் அளந்து வரையப்பட்டவை. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நாம் இன்றும் விடாமல் பேசும் சென்ட், ஆயிரம் சதுரக் கண்ணிகள்தான். சங்கிலி போய்விட்டது. அதன் நிழல் நம் பேச்சில் இருக்கிறது.

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்படம் ஏன் வந்தது என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு பழைய காரணம் உண்டு. 1792-இல் பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலங்களை அளந்து வரி விதிக்கத் தொடங்கினார்கள். இடையில் ஜமீன் இல்லாமல் உழுபவனிடமிருந்தே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. அப்படி வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொருவனின் நிலமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆக, நான் திரையில் கண்ட படத்தின் முதல் நோக்கம் வரி. உரிமையாளனுக்குப் பாதுகாப்பு என்பது பின்னால் வந்து சேர்ந்தது. யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு ஒரு பெயர் போதும். அந்தப் பெயருக்குப் பின்னால் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது படத்தை வரைந்தவர்களின் கவலையாக இருந்திருக்க முடியாது.

படம் பிடிபட்ட பிறகுதான் அதில் ஒன்று குறைவதைக் கவனித்தேன்.

எங்கள் காட்டின் வடகிழக்கு மூலையில் இருபத்தெட்டு சென்ட் அத்தையுடையது. அப்பாவின் ஒரே தங்கை. 1983-இல் மாமா இறந்தபின் இரண்டு பெண் குழந்தைகளோடு ஊருக்குத் திரும்பி வந்தார். அப்பா அந்த ஆண்டு ஆடியில் மண்ணை வெட்டிப்போட்டு ஒரு வரப்பு எடுத்து, இதுதான் உன் மஞ்சக்காணி என்று சொல்லி விட்டார். கல்யாணத்தின்போது தாத்தா கொடுப்பதாகச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது. எங்கள் பக்கம் எல்லையைப் பொழி என்போம். அந்தப் பொழியின்மேல் அத்தை ஒரு வேம்பு வைத்தார். நாற்பது ஆண்டுகளாக ஊரில் எல்லோருக்கும் அது அத்தை காடு. மழைக்கு வரப்பு கரைந்தால் அப்பாவே மண்ணள்ளிப் போடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

அந்த வரப்பு படத்தில் இல்லை. உட்பிரிவு 3 என்பது ஒரே துண்டாக, நடுவே எந்தப் பிளவும் இல்லாமல் கிடந்தது. பட்டாவிலும் அப்பாவின் பெயர் மட்டுமே.

எனக்கு முன்பே இதை ஒருவர் பார்த்திருந்தார். காட்டை விற்கலாம் என்ற எண்ணத்தில் நான் பேசி வைத்திருந்த தரகர். டீக்கடையில் உட்கார்ந்து தன் கைபேசியில் படத்தை விரித்துக் காட்டினார். "படத்துல அப்படி ஒரு வரப்பே இல்லீங்களே சார். பட்டா உங்க அப்பா பேரு. நீங்க ஒரே வாரிசு. மொத்தமா பேசிடலாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எவருடைய புல எண்ணும் தெரிந்தால் எவரும் பார்க்கலாம் என்ற வெளிப்படைத்தன்மையின் இன்னொரு முகம் அது. கர்ணத்தின் பெட்டிக்குள் இருந்தது எல்லோருடைய கைக்கும் வந்துவிட்டது. ஆனால் கர்ணத்துக்குத் தெரிந்திருந்த ஒன்று, அதாவது அந்த மூலையை உழுவது யார் என்பது, படத்தோடு சேர்ந்து வரவில்லை.

அடுத்து வில்லங்கச் சான்றை எடுத்தேன். பதிவுத் துறையின் தளத்தில் அதையும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. எங்கள் சார்பதிவகத்துக்கு 1975 முதல் கிடைத்தது. அத்தனை ஆண்டுகளிலும் ஒரு பதிவும் இல்லை. விற்கவில்லை, அடமானம் வைக்கவில்லை, பாகம் பிரிக்கவில்லை. வில்லங்கம் ஏதுமில்லை. பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே அந்தச் சான்று அறியும். வாய்ச்சொல்லாகக் கொடுத்தது, ஆடியில் மண்ணை வெட்டிப்போட்டது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. எழுபத்தாறு வயதில் காலையில் களைக்கொத்தியோடு போகும் ஒரு மனுஷி அதன் கணக்கில் இல்லை.

1975-க்கு முந்தையதைத் தேட நேரில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததுதான் 1961-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகல். தாத்தா நெசவில் சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறார். நான்கெல்லையில் ஓர் எண்கூட இல்லை. வண்டிப்பாதைக்கு மேற்கு, பூசாரி வீட்டுக் காட்டுக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு, கிணற்றுக் காட்டுக்கு வடக்கு, இதற்குட்பட்ட பூமி. படிக்கும்போதே நடந்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பத்திரம்தான் என்னை வசமாக மாட்டிவிட்டது. உறவினர் ஒருவர் எனக்கு ஏற்கெனவே ஆறுதல் சொல்லியிருந்தார்: 1989-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, கவலைப்படாதே என்று. ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தமிழக அரசு அந்த ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தில் அப்படி ஒரு விலக்கு இருந்தது உண்மை. ஆனால் அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. பிறகு 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மகள்களுக்கு அதிலும் சமபங்கு கொடுத்தது. தாத்தாவின் காடு பூர்வீகம் அன்று. அவரே சம்பாதித்து வாங்கியது. 1974-இல் உயில் எழுதாமல் இறந்தார். அப்படி இறந்தவரின் சொந்தச் சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லியிருந்தது. பாட்டியின் பங்கும் பின்னால் இருவருக்கும் பாதிப் பாதி. ஆக, அத்தைக்கு உரியது இருபத்தெட்டு சென்ட் அன்று. ஐம்பத்தாறு.

அப்பாவின் பெயர் மட்டும் பட்டாவில் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1979-இலிருந்து 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் தமிழகமெங்கும் நடந்தது. இன்று இணையத்தில் நாம் பார்க்கும் பட்டாக்களில் பெரும்பகுதிக்கு அதுதான் அடித்தளம். ஊருக்கு வந்த அலுவலர் அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார். அப்பா தன் பெயரைச் சொல்லியிருப்பார். தங்கை பெயரையும் எழுதுங்கள் என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொல்லவில்லை. என் அப்பா மோசக்காரர் இல்லை. கரைந்த வரப்புக்கு மண்ணள்ளிப் போட்டவர்தான் அவர். கொடுப்பதைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அது அவள் உரிமை என்று தோன்றவில்லை. அந்த ஒரு விநாடி மௌனம்தான் எழுத்தாகி, கணினியேறி, என் திரைவரை வந்திருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வேப்பமரம் எங்க கண்ணு?"

"இதுல மரமெல்லாம் போடலைங்க அத்தை. வரப்பே இல்லை."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

பதில் சொல்லாமல், சட்டப்படி பாதி உங்களுக்கு என்று விளக்கினேன். ஐம்பத்தாறு சென்ட். அவர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "எங்கண்ணன் போட்ட பொழி போதும் கண்ணு. அதை மட்டும் யாரும் அழிக்காதபடிக்கு எழுதிக் குடு."

சரிங்க அத்தை என்றேன். அதை நான் சொன்ன வேகம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அவருடைய மகள்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கலாம். பெருந்தன்மை அவருடையதாகவும் லாபம் என்னுடையதாகவும் முடிந்துவிட்டது. அப்பாவின் ஒரு விநாடி மௌனத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவன், தன்னுடைய ஒரு விநாடி அவசரத்தையும் எழுதத்தான் வேண்டும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு விண்ணப்பித்தோம். நில அளவர் வந்த அன்று அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே காட்டில் இருந்தார். அளந்து பார்த்தபோது வேம்பின் தண்டு பொழியின்மேலேயே சரியாக நின்றது. அதன் இருபக்கமும் கல் நட்டார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு இரவில் மீண்டும் அதே தளத்தில் அதே எண்களை இட்டேன். உட்பிரிவு 3 இல்லாமல் போயிருந்தது. 3ஏ, 3பி என்று இரண்டு. நடுவே மெல்லிய ஒரு கோடு. அத்தையின் பெயரில் 0 - 11.50.

அதை அச்செடுத்து அனுப்பினேன். ரேஷன் அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். தரகருக்கு விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். விலை காரணமில்லை. அந்தக் கோட்டுக்குத் தெற்கே என் பெயரில் இருப்பதில் இன்னொரு இருபத்தெட்டு சென்ட் இருக்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எந்தப் படத்திலும் இல்லை. எனக்குத் தெரியும். அத்தையின் மூத்த மகள் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். இம்முறை அவரிடம் நான் பேச வேண்டும்.