பொருக்கு உதிர்ந்த வாரம்

சனி

லீப் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. போன மாதம் கால்போஸ்கோப்பியில் அசிட்டிக் ஆசிட் தடவியபோது கர்ப்பப்பை வாயில் வெளுத்துத் தெரிந்த இடத்தை, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் வழித்தெடுத்தார்கள். புற்றுநோய் இல்லை; அப்படியே விட்டால் பல வருடம் கழித்து அதுவாக மாறக்கூடியது. மரத்துப்போக ஊசி, கருகும் வாடை, கால்மணி நேரம். முடிந்தது.

ரத்தம் நிற்கப் பூசிய மருந்தால் காப்பி மண்டி மாதிரி கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். போகிறது. பயப்படவில்லை. இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சீட்டும் தந்தார்கள்: நான்கு வாரம் தாம்பத்தியம் வேண்டாம், குளத்தில் குளிக்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம். கனம் என்றால் எவ்வளவு? 20 லிட்டர் தண்ணீர் கேன் கனம்தான், ஒத்துக்கொள்கிறேன். துவைத்த துணி வாளி?

செவ்வாய்

பள்ளிக்குப் போய்விட்டேன். வலி இல்லை, கசிவும் குறைந்துவிட்டது. வீட்டில்தான் சிக்கல்: நான் விளக்கேற்றலாமா கூடாதா? அத்தை ஒரு நாள் முழுக்க யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "இது ஆஸ்பத்திரி ரத்தம்மா, அந்தக் கணக்குல வராது." எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ, எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த புதன், நள்ளிரவு தாண்டி

விடைத்தாள் திருத்திவிட்டு எழுந்தேன், சூடாக ஏதோ இறங்கியது. மாதவிலக்குக்கு இன்னும் நாள் கிடக்கிறது. பாத்ரூமில் பார்த்தால் பளிச்சென்ற சிவப்பு. புதுப் பேட் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அடுத்ததும் அப்படியே. கட்டியும் விழுந்தது. இத்தனைக்கும் துளி வலி இல்லை.

இவரை எழுப்பினேன். சீட்டைத் தேடியெடுத்துப் படித்தார்: ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் வரவும். எது அதிகம்? மாதாமாதம் ரத்தம் பார்த்தே பழகியவளுக்கே தெரியவில்லை, பாவம் இவருக்கு எப்படித் தெரியும். போன் செய்தோம். எடுத்த நர்ஸ் கேட்டது நாலே கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேட் முழுசா நனையுதா? கட்டி வருதா? தலை சுத்துதா? காய்ச்சல், கெட்ட வாடை உண்டா? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றதும், "உடனே கிளம்பி வாங்க" என்றார். அந்த நாலு கேள்வியைச் சீட்டில் அச்சடிக்க எவ்வளவு மை ஆகியிருக்கும்?

வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "பொருக்கு உதிர்ந்திருக்கு." அன்று வழித்த இடத்தைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் பொருக்குக் கட்டி, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் உரியும். அடியில் புதுத்தோல் மூடியிருந்தால் உரிந்ததே தெரியாது. மூடாமல் ஒரு சின்ன ரத்தக்குழாய் மிச்சமிருந்தால் நேற்று ராத்திரி மாதிரி ஆகும். கிருமித் தொற்றும் இதைக் கிளப்பிவிடும் என்பதால் ஆன்டிபயாடிக்கும் எழுதியிருக்கிறார்.

மறுபடி அதே பழுப்பு மருந்து. பேரைக் கேட்டேன், வேதியியல் டீச்சர் புத்தி போகாதே. மோன்செல் கரைசல், ஃபெரிக் சப்சல்பேட். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ராணுவ மருந்தாளர் ஒருவர் காயங்களுக்காகச் செய்தது. புரதத்தை உறையவைத்துக் குழாயின் வாயை அடைக்கிறது. போன வாரக் கறுப்பு அந்த இரும்பின் வேலை. மேலே நீளமாக காஸ் துணி வைத்து அடைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தால் உறுத்துகிறது. டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் உண்டு. அது ரத்தத்தை உறையவைப்பதில்லை, உறைந்ததைக் கரையவிடாமல் காக்கிறது. ஹீமோகுளோபின் 10.4. ரத்தம் ஏற்றத் தேவையில்லை.

வெள்ளி

காலையில் காஸை எடுத்தார்கள். நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. பப்பாளி தின்றாள் என்கிறார் அத்தை. மாடிப்படி ஏறி இறங்கியதுதான் என்கிறார் நாத்தனார். ஸ்கூட்டர், வேகத்தடை என்கிறார் இவர். பக்கத்து வீட்டம்மா, "உடம்புச் சூடு" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். என் உடம்பில் ஒரு பொருக்கு உதிர நான் ஏதாவது செய்திருந்தே ஆக வேண்டும்!

கிளம்பும் முன் டாக்டரிடம் இதையே கேட்டிருந்தேன். கனம் தூக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் படுத்தே கிடந்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு என்றார். அதை இவரையே விட்டு அத்தையிடம் சொல்லச் சொன்னேன். சொன்னார். பப்பாளி வாதம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஞாயிறு

ஒட்டன்சத்திரத்திலிருந்து சித்தி வந்தார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை விஷயத்தில் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மருத்துவ உலகில் ஓர் இடம் உண்டு. 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுக்குள் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகளே அசிட்டிக் ஆசிட் தடவிப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழில் வந்தது. சித்தியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. குளிரால் உறையவைக்கும் சிகிச்சை, கிரையோதெரபி செய்தார்களாம்.

"தண்ணி தண்ணியாப் போகும், சில வாரம் துணி வச்சுக்கணும், வாடை அடிச்சா வரணும்னு அந்த நர்சம்மா சொன்னாங்க. சொல்லிட்டு, எங்க நீங்க திருப்பிச் சொல்லுங்கன்னு என்னைய ஒப்பிக்க வச்சாங்கடி" என்றார். நான்காம் வகுப்புப் படித்த சித்திக்குத் தன் உடம்பில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. ஏசி அறையில் எம்.எஸ்ஸி.க்காரிக்கு ஒரு தாள்.

ரத்தம் வந்ததற்காக எனக்கு யார்மேலும் கோபமில்லை. சொல்லாமல் விட்டதற்கு இருக்கிறது.

திங்கள், மாதக் கடைசி

பயாப்ஸி வந்தது. புற்றுநோய் இல்லை, வழித்தெடுத்ததன் ஓரங்களும் சுத்தம். ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.வி. பரிசோதனை.

இயற்பியல் டீச்சர் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் அடுத்த மாதம் லீப். முதல் மூன்று நாளுக்கு லீவு எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அடுத்த வாரக் கடைசியில் அவர் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு ராமேஸ்வரம் பயணம். லீவில் பாதியை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள், ராமேஸ்வரத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். நர்ஸின் நாலு கேள்வியையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றுதான் சொன்னார். காய்ச்சலை விட்டுவிட்டார். மறுபடி சொன்னேன்.