புரோட்டானுக்குச் சாவு உண்டா?

ஒரு சதுர அட்டையை மேசையில் வைத்து, நண்பரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அட்டையை 90 டிகிரி திருப்பி வையுங்கள். கண்ணைத் திறந்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மாற்றிய பிறகும் மாறாமல் இருப்பது... இதுதான் சமச்சீர்மை.

இதில் என்ன பெரிய விஷயம்? 1918இல் எம்மி நோய்தர் என்ற ஜெர்மானியக் கணித மேதை ஒன்றை நிரூபித்தார். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றுபோல இருப்பதால்தான் ஆற்றல் அழிவதில்லை! இப்படி ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீர்மைக்கும் ஒரு மாறாத கணக்கு உண்டு.

அணுவுக்குள் மூன்று விசைகள்: மின்காந்த விசை, மென்விசை, வன்விசை. முதல் இரண்டும் மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே சமச்சீர்மையின் இரு முகங்கள் என்று சொன்ன கிளாஷோ, சலாம், வெயின்பெர்க் மூவரும் 1979இல் நோபல் பெற்றார்கள். மூன்றாவதையும் சேர்க்க முடியாதா? 1974இலேயே ஜார்ஜியும் கிளாஷோவும் முயன்றார்கள். அந்தக் கொள்கையின் பெயர் எஸ்யூ(5).

அதன் அழகைப் பாருங்கள். மூன்று எதிர்-குவார்க்குகள், ஒரு எலக்ட்ரான், ஒரு நியூட்ரினோ, ஐந்தும் ஒரே குடும்பம். குடும்பத்தின் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாக வேண்டும் என்பது சமச்சீர்மையின் கட்டளை. எலக்ட்ரானுக்கு -1 என்றால், எதிர்-குவார்க் ஒவ்வொன்றுக்கும் +1/3. பற்றும் வரவும் சரி! புரோட்டானும் எலக்ட்ரானும் துல்லியமாகச் சமன் ஆவது ஏன், அணு ஏன் நடுநிலையாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே குடும்பம் என்றால் குவார்க் எலக்ட்ரான் வகைத் துகளாக மாறலாம். அப்படியானால் புரோட்டான் ஒருநாள் சிதைய வேண்டும். சராசரி ஆயுள், 1 போட்டு சுமார் 31 சைபர் போட்ட ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதோ வெறும் 1380 கோடி ஆண்டுகள்! அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? காத்திருக்க வேண்டாம், ஏராளமான புரோட்டான்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக் கவனித்தால் போதும்.

ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில், 1000 மீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீருடன் சூப்பர்-கமியோகாண்டே 1996 முதல் காவல் காக்கிறது. உறுதியாகச் சொல்லும்படி ஒரு புரோட்டான்கூடச் சாகவில்லை. எஸ்யூ(5) சொன்ன வழியில் சிதைவதானால், ஆயுள் 2 போட்டு 34 சைபர் ஆண்டுகளுக்கும் மேல் என்று 2020இல் கணக்கிட்டார்கள். எளிய எஸ்யூ(5) தோற்றது. அதைவிடச் சிக்கலான கொள்கைகள் மட்டும் இன்னும் களத்தில் இருக்கின்றன.

அழகாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனாலும் புரோட்டானின் கணக்கும் எலக்ட்ரானின் கணக்கும் இன்றும் பைசா பிசகாமல் நேர் ஆகின்றன. பதில்தான் தப்பு, கேள்வி சரியானது!