எடுத்திருக்கணும்... விட்டிருக்கணும்!

ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம் அந்த வீட்டில் போன் அடிக்கும். சாப்பிட்டாச்சா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "எடுத்திருக்கணும்" என்று ஆரம்பிப்பார் அண்ணன். "விட்டிருக்கணும்" என்பார் தம்பி. அதன் பிறகு ஒரு மணி நேரம் ஓடும். அடுப்படியிலிருந்து தம்பியின் மனைவி, "யாரு போன்ல?" என்று கேட்பார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "வூஸ்டர்!" என்பார் தம்பி.

வூஸ்டர், அண்ணன் இருந்த ஊர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கிறது. தம்பி வீடு பாஸ்டனை ஒட்டி. இரண்டு பேருக்கும் பேஸ்பால்தான் உயிர். அணி, பாஸ்டன் ரெட் சாக்ஸ்.

எதை எடுப்பது, எதை விடுவது? பிட்ச்சரைத்தான். நம் கிரிக்கெட்டில் ஒரு பவுலர் ஆறு பந்து போட்டுவிட்டு ஃபைன் லெக்கில் போய் நின்றுகொள்வார். பும்ராவின் கடைசி ஓவரைக் கேப்டன் பத்தொன்பதாவதுக்குப் பத்திரப்படுத்தி வைக்கலாம். பேஸ்பாலில் அந்த வசதி இல்லை. ஓவரே கிடையாது. ஆரம்பித்தவர் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் களைத்துவிட்டார் என்று மேனேஜர் நினைத்தால், நடந்து போய்க் கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொள்வார். ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்பி வர முடியாது. ஐபிஎல்லில் 2023-இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியில், மாற்றப்பட்டவர் பெஞ்சோடு சரி அல்லவா? பேஸ்பாலில் மாற்றப்படுகிற அத்தனை பேருக்கும் அதே கதிதான்.

அதனால்தான் இந்தச் சண்டைக்கு இவ்வளவு காரம். சீக்கிரம் எடுத்தால், நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவரை இழந்தாயிற்று. தாமதமாக எடுத்தால் ஆட்டமே போய்விடும். பார்க்கிறவர்களுக்கோ ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் யோசிக்க நேரம் இருக்கும். 2023-இல் கடிகாரம் வைத்து, ஓட்டத்தில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்பெல்லாம் பிட்ச்சர் மேட்டில் நின்று தொப்பியைச் சரி செய்து, மண்ணைக் காலால் கிளறி, வானத்தைப் பார்த்து... அந்த இடைவெளியில் சோபாவில் உட்கார்ந்து இரண்டு முறை வாக்குவாதம் செய்துவிடலாம்.

அண்ணன் 1931-இல் பிறந்தவர். தம்பி ஐந்து வயது இளையவர். ரெட் சாக்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1918-இல். அதாவது, இருவரும் பிறக்கும் முன்பே. அதன் பிறகு 1946, 1967, 1975, 1986 என்று நான்கு முறை உலகத் தொடருக்குப் போய், நான்கு முறையும் கடைசி ஏழாவது ஆட்டத்தில் தோற்ற அணி அது. இப்படி ஓர் அணிக்கு ரசிகராக இருப்பதற்குத் தனி மனசு வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் போதாது; பெங்களூருக்காரர்களைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள்.

விதிகளிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. 1973-இல் அமெரிக்கன் லீக், பிட்ச்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யலாம் என்ற விதியைக் கொண்டுவந்தது. அப்படி முதன்முதலில் பேட் பிடித்தவர் நியூயார்க் யாங்கீஸின் ரான் புளூம்பெர்க். நடந்தது பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதானத்திலேயே! "பந்து போடறவன் பேட்டும் பிடிக்கணும், அதுதான் ஆட்டம்" என்றார் தம்பி. "பேட் பிடிக்கத் தெரியாதவன் நின்னு மூணு தடவை காத்துல வீசறதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கறோம்?" என்றார் அண்ணன்.

1986 அடுத்த பஞ்சாயத்து. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ரெட் சாக்ஸ் 3-2 என்று முன்னணியில் இருந்தபோது, ஏழு இன்னிங்ஸோடு ராஜர் கிளெமென்ஸ் வெளியே வந்துவிட்டார். பத்தாவது இன்னிங்ஸில் ஆட்டம் கைவிட்டுப் போனது. கிளெமென்ஸ்தான் போதும் என்றார் என்பது மேனேஜர் ஜான் மெக்நமாரா கட்சி. நான் கேட்கவே இல்லை என்பது கிளெமென்ஸ் கட்சி. விரலில் கொப்புளம், எடுத்தது சரி என்றார் அண்ணன். கொப்புளத்தோடு போட்டிருக்கலாம் என்றார் தம்பி. இது பல வருடம் ஓடியது. கிறிஸ்துமஸ் விருந்தில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் சட்டம் போட்டார்கள்.

பிறகு வந்தது 2003 அக்டோபர் 16.

நியூயார்க்கில் யாங்கீஸுடன் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் உலகத் தொடர். பாஸ்டனுக்குப் பந்து போட்டவர் பெட்ரோ மார்ட்டினெஸ், அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்ச்சர்களில் ஒருவர். எதிரே யாங்கீஸுக்கு ஆரம்பித்தவர் யார் தெரியுமா? அதே கிளெமென்ஸ்! ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது பெட்ரோ 100 பந்து போட்டிருந்தார். நூறைத் தாண்டினால் அவர் தளர்வார் என்று பாஸ்டனில் எல்லோருக்கும் தெரியும். எட்டாவது இன்னிங்ஸ். ஸ்கோர் 5-2. மேனேஜர் கிரேடி லிட்டில் அவரையே மறுபடி அனுப்பினார்.

ஒருவர் அவுட். டெரெக் ஜீட்டர் அடித்தார். பெர்னி வில்லியம்ஸ் அடித்தார். 5-3. லிட்டில் மேட்டுக்கு நடந்து போனார். பாஸ்டனே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் தனியாகத் திரும்பி வந்தார்.

ஹிடெக்கி மட்சுயி அடித்தார். ஹோர்ஹே பொசாடா அடித்த பந்து யாருக்கும் எட்டாத இடத்தில் சொத்தென்று விழுந்தது. 5-5. ஒரே இன்னிங்ஸில் இரண்டாவது முறை மேனேஜர் மேட்டுக்குப் போனால் பிட்ச்சரை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. இந்த முறை கேள்வி கேட்க வாய்ப்பே இல்லை, பந்தை வாங்கிக்கொண்டார். நள்ளிரவு தாண்டி, பதினோராவது இன்னிங்ஸின் முதல் பந்தில், டிம் வேக்ஃபீல்ட் போட்டதை ஆரோன் பூன் கூட்டத்துக்குள் தூக்கி அடிக்க, எல்லாம் முடிந்தது.

அந்த வீட்டில் போன் அடித்தது. தம்பி எடுக்கவில்லை. மறுநாள் மாலைதான் எடுத்தார்.

"எடுத்திருக்கணும்."

"அவன் முடியும்னு சொன்னான். பெட்ரோ முடியும்னு சொல்றப்போ, அவன் கையிலேர்ந்து பந்தைப் பிடுங்குவியா நீ?"

"அவன் முடியும்னுதான் சொல்லுவான். எப்பவும் சொல்லுவான். அதனாலதான் அவனைக் கேட்கவே கூடாது."

"உனக்கு யாரையும் நம்பத் தெரியாது."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு 72 வயசு. இன்னும் எத்தனை அக்டோபர் பாக்கி இருக்கு எனக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லிட்டிலுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அண்ணனுக்கு அதில் சந்தோஷம் என்று தம்பி நினைத்துக்கொண்டார், கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சந்தித்தபோது பனியைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். பெண்கள் போட்ட சட்டத்தை முதல்முறையாக யாரும் மீறவில்லை. பிப்ரவரியில், பிட்ச்சர்கள் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சேர்கிற சமயத்தில், அண்ணன் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அந்த வருடம்தான் அது நடந்தது. யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற பிறகு, அடுத்த நான்கையும் ரெட் சாக்ஸ் வென்றது. பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் செய்யாதது. ஏழாவது ஆட்டத்தில் 8-1 என்று நிம்மதியாக இருந்தபோது, புது மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா ஏழாவது இன்னிங்ஸில் பெட்ரோவை உள்ளே கொண்டுவந்தார். யாங்கீ ஸ்டேடியம் கொண்டாட்டமாகக் கத்தியது. பெட்ரோ இரண்டு ரன் கொடுத்தார். தம்பி டிவி முன்னால் எழுந்து நின்று, "எடுங்கப்பா அவனை!" என்று கத்தினார். கத்திவிட்டு போனைப் பார்த்தார்.

அக்டோபர் 27, செயின்ட் லூயிஸில் உலகத் தொடரின் நான்காவது ஆட்டம். அன்று சந்திர கிரகணம் வேறு. டெரெக் லோ ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் போட்டார். அவரை எடுத்துவிட்டு வேறு மூவரை வைத்து மீதியை முடித்தார்கள். 3-0. எண்பத்தாறு வருடக் காத்திருப்பு முடிந்தது. லோவை ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. லோவைக் கைவைத்த பிறகு தோற்றிருந்தால் ஃபிராங்கோனாவின் கதி என்னவாகியிருக்கும்?

மறுநாள் காலை தம்பி நாளிதழ் வாங்கிக்கொண்டு வூஸ்டருக்குக் காரை ஓட்டினார். கல்லறைத் தோட்டத்தில் தான் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்துப் போனவருக்கு ஆச்சரியம். அங்கங்கே கல்லறைகளின் மேல் ரெட் சாக்ஸ் தொப்பி, கொடி, அன்றைய பேப்பர். நியூ இங்கிலாந்து முழுக்க அந்த நாட்களில் இப்படித்தான். பார்க்காமல் போன அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சேதி சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தம்பி பேப்பரை மடித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தார். "லோவை ஏழோட எடுத்துட்டாங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "சரியாத்தான் எடுத்தாங்க" என்றார்.

இத்தோடு சண்டை தீர்ந்தது என்று நினைத்தால் தப்பு. பதினாறு வருடம் கழித்து, அதே அக்டோபர் 27. தம்பிக்கு 84 வயது. கொரோனாவால் உலகத் தொடரே டெக்சாஸில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டேம்பா பே ரேஸும். ரெட் சாக்ஸ் இல்லை. ஆனால் ரெட் சாக்ஸ் அந்த பிப்ரவரியில் விற்றுத் தள்ளிய மூக்கி பெட்ஸ், டாட்ஜர்ஸ் சட்டையில் நின்றார். அந்த வயிற்றெரிச்சலிலேயே பார்த்தார் தம்பி.

ரேஸின் பிளேக் ஸ்னெல் அன்று நெருப்பாகப் போட்டார். ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட். அதில் பெட்ஸ் மட்டும் இரண்டு முறை. 1-0 முன்னணி. ஆறாவது இன்னிங்ஸில் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்தவர் பெட்ஸ். ஸ்னெல் போட்டிருந்தது வெறும் 73 பந்து. மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்தார். அவரைப் பார்த்ததுமே ஸ்னெலின் முகம் மாறியது. பந்து நிக் ஆண்டர்சன் கைக்குப் போனது. பெட்ஸ் டபுள் அடித்தார். சில பந்துகளுக்குள் 2-1. கடைசியில் 3-1, டாட்ஜர்ஸ் சாம்பியன்.

தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடமாகச் சொல்லிவந்தது, உலகமே பார்க்க நிரூபணமாகிவிட்டது. விட்டிருக்கணும். சொல்லத்தான் ஆள் இல்லை.

போன் அடித்தது. அண்ணனின் பேத்தி. கல்லூரி மூடியதால் வூஸ்டர் வீட்டில் இருந்தாள். ஊரடங்கில் மாத்திரை இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கேட்பவள்.

"விட்டிருக்கணும்" என்றார் தம்பி, அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"தாத்தா, பெட்ஸ் அவனை மூணாவது தடவை பார்க்கப் போறான். ரெண்டு தடவை பார்த்தவனுக்குப் பந்து பழகிடும். ஸ்னெல் இந்த சீசன்ல ஒரு ஆட்டத்துலகூட ஆறு இன்னிங்ஸ் முடிச்சதில்லை."

"இன்னிக்கு முடிச்சிருப்பான். அவன் கண்ணைப் பார்த்தியா?"

"கண்ணைப் பார்த்தா எப்படி? எல்லாருமே முடியும்னுதானே சொல்லுவாங்க!"

தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, எடுத்தான். ஆண்டர்சனையா கொண்டுவரணும்? அவன் வந்தப்பல்லாம் ரன் கொடுத்துட்டிருக்கான். இந்த வருஷம் புது விதி வேற. வந்தவன் மூணு பேருக்காவது போட்டே ஆகணும்..."

"அது வேற விஷயம் தாத்தா. யாரைக் கொண்டுவந்தது தப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எடுத்தது தப்பில்லை."

படுக்கையறையிலிருந்து மனைவி எழுந்து வந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. "இந்நேரத்துல யாரு போன்ல?" என்றார்.

தம்பி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வூஸ்டர்!"