பொழுதும் போர்வையும்

"யாருக்கு?" என்பதுதான் இந்த ஒரு வருடத்தில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி. துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறேன் என்று தெரிந்ததும் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் அதைத்தான் கேட்டார்கள். மகளின் சீருக்கா? விற்பதற்கா? ஏதாவது இல்லத்துக்குக் கொடுக்கவா? பொழுதுபோக்குக்கு என்றால் ஒரு சிரிப்பு. பிறகு மறுபடியும், "அது சரி, யாருக்கு?"

எங்கள் தெருமுனையில் தினமும் இரண்டு மணிநேரம் கேரம் ஆடும் ஆண்களிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் கை அசைந்தால் அதனால் யாராவது உண்ண வேண்டும், உடுக்க வேண்டும் அல்லது உறங்க வேண்டும். நம் வீடுகளின் எழுதாத இலக்கணம் இது.

ஆங்கிலத்தில் இந்தப் போர்வையை க்வில்ட் என்பார்கள். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் பழைய பருத்திப் புடவை. மூன்றும் நழுவாதபடி பரப்பு முழுவதும் ஓட்டுத் தையல். நாலரை அங்குலச் சதுரமாக அட்டை வெட்டி அளவு வைத்துக்கொண்டேன். நான்கு ஓரங்களிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அகலத்தில் 15, நீளத்தில் 20, ஆக 300 சதுரங்கள். எல்லாம் கைத்தையல்.

துணிகள் மூஞ்சிக்கல்லில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து வந்தவை. ரவிக்கை வெட்டியதில் மிஞ்சியவை, பள்ளிச் சீருடை, நைட்டி, பாவாடை. மூட்டையைப் பிரித்தால் இந்த மலையில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலசிய துண்டுகள் மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன்.

துணி கிடைத்துவிட்டது. பொழுது கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97. 2024இல் அது பெண்களுக்கு 289 ஆகவும் ஆண்களுக்கு 88 ஆகவும் குறைந்தது. நமக்குப் பத்து நிமிடம் குறைந்த அதே ஐந்தாண்டுகளில் அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

இரவு எட்டு முதல் ஒன்பது வரை என்று நான் நேரம் குறித்துக்கொண்டேன். எட்டு மணிக்குமேல் சமையலறை என்னுடையதல்ல என்று வீட்டில் சொன்னபோது யாரும் சண்டை போடவில்லை. "உப்பு எங்கே?" "பால் பொங்குதே, பார்க்கலையா?" என்று குரல்கள் மட்டும் வந்தபடி இருந்தன. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதத்தில் உப்பு அவர்களுக்கே கிடைத்தது. இந்த வருடத்தில் நான் செய்த கடினமான வேலை தையல் அல்ல, அந்தக் குரல்களுக்கு எழுந்து போகாமல் இருந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் தைக்கும்போது பழைய நூல்கள் நினைவுக்கு வரும். பனுவல் என்ற சொல்லுக்குப் பஞ்சிலிருந்து நூற்ற இழை என்றும் பொருள், புலவர் செய்த நூல் என்றும் பொருள். புறநானூற்றில் பருத்திப் பெண்டிர் வருகிறார்கள். நற்றிணையில் ஆணில்லாத வீட்டுப் பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய இழை, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. நன்னூலின் பாயிரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர். நூற்கும் பெண்ணே புலவன். வகுப்பில் இதை எத்தனையோ முறை பெருமையாக விளக்கியிருக்கிறேன். ஊசியும் கையுமாக உட்கார்ந்த பிறகுதான் அதிலிருக்கும் கணக்கு உறைத்தது. புலவனின் பெருமையைச் சொல்ல அவள் கை உவமையாகிவிட்டது. அவள் நூற்றது யாருடைய வேட்டியாகவோ போய்விட்டது. நற்றிணைப் பெண்ணுக்கு நூற்பு பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

பிழைப்புக்கும் தேவைக்கும் தைத்தவர்கள் அழகை விட்டுவிடவில்லை. உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளால் கௌதி தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். மூலைகளில் பூப்போல அடுக்குத் துண்டு வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை நிறைவதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் குளிரைத் தாங்கத் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவருக்கு ஏறின. மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டித் தைத்த போர்வையும் அந்த ஊருடையது. அதைத் தைத்தபோது கலை என்று யாரும் பெயர் சொல்லவில்லை.

என்னுடையது அந்த வகை அல்ல. எனக்குக் கம்பளி வாங்கப் பணம் இருக்கிறது. அக்கா இதை நேராகவே கேட்டார்: "காசு வராத தையல் எதுக்கு டீச்சர்?" நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: "எனக்குன்னு ஒரு ஜாக்கெட் தைச்சு மூணு வருசமாச்சு." தையல்தான் அவர் தொழில். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கும் அவரிடம் தனக்கு ஒன்று தைக்க ஒரு மாலை இல்லை.

கொடைக்கானலே ஓய்வுக்காக உண்டான ஊர். மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் ஏரி வந்தது. இன்று சீசனில் லட்சக்கணக்கானோர் பொழுதுபோக்க வருகிறார்கள். அவர்கள் போர்த்திய விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் பெண்கள் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

போர்வை தை மாதம் முடிந்தது. அந்த மாதக் குளிரில் அதை நான்தான் போர்த்திக்கொண்டேன். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டால் அக்காவுக்கு ஒரு மணிநேரம் கிடைத்துவிடாது. அது அவருடைய கூலியிலிருந்து வரவேண்டும். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அந்த நாளுக்குப் பின்னால் இருந்த கோரிக்கை எட்டு மணிநேர வேலையோடு நிற்கவில்லை. ஓய்வுக்கு எட்டு மணிநேரம் போக, மீதி எட்டு மணிநேரம் தொழிலாளி தன் விருப்பப்படி கழிக்கவும் கேட்டது. அந்த மூன்றாவது எட்டு நம் வீடுகளில் அடுப்படிக்குப் போய்விட்டது. கூலி கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதில் தையலும் போடலாம், சும்மாவும் இருக்கலாம். யாருக்கு என்று யாரும் கேட்கக் கூடாது.